பழைய வி-டெக்கை ரேஸ் டிராக்குக்குத் தயார் செய்வது: வேலந்தாவளத்தில் இருந்து ஒரு வழிகாட்டி

வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் கேரளா. ஆனால் கொழிஞ்சாம்பாறை வரைக்கும் கடைப் பேச்சு தமிழ்தான். எங்கள் தேங்காய்க் களத்தின் ஓரத்தில் தகரம் போட்ட ஒரு கொட்டகை இருக்கிறது. என்னுடைய 2001 மாடல் ஹோண்டா சிட்டி வி-டெக் அதில்தான் நிற்கிறது. அங்கிருந்து செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் டிராக்குக்கு ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அதனால்தானோ என்னவோ, இந்தப் பக்கத்துப் பையன்கள் வாரம் ஒருவராவது வந்து நிற்கிறார்கள். "அண்ணா, வீட்டுல பழைய வண்டி ஒண்ணு சும்மா கிடக்கு. டிராக்குல ஓட்டணும். முதல்ல என்ன பண்ணணும்?"

கேட்ட கையோடு அடுத்த கேள்வியும் வந்துவிடும்: எந்த எக்ஸாஸ்ட், எந்த ஏர் ஃபில்டர், பவர் கூட்ட இன்ஜின் கம்ப்யூட்டரை மாற்றி எழுதும் ரீமேப் எங்கே செய்யலாம்? எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொல்லி வருகிறேன். முதல் வருஷம் பவருக்கு ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள். இருக்கிற பணம் முழுக்க பிரேக்குக்கும், கூலிங்குக்கும், உங்கள் உடம்பைக் காக்கிற சாமான்களுக்கும் போகட்டும். பழைய வண்டியோடு வரும் புதியவர்களில் பலர் வேகம் போதாமல் தோற்பதில்லை. மூன்றாவது சுற்றில் கொதித்துப்போய் ஓரங்கட்டி நிற்கிறார்கள். எல்லாச் சுற்றும் முடிக்கிற வண்டியைத்தான் முதலில் தயார் செய்ய வேண்டும்.

எந்த வண்டி

இரண்டே இருக்கை கொண்ட அசல் ஸ்போர்ட்ஸ் கார் நம் ஊரில் அபூர்வம். கோவாவில் தயாரான சான் ஸ்டார்ம் எங்காவது ஒன்று கிடைத்தாலும் அதற்குப் பாகம் தேடியே வயதாகிவிடும். புதியவருக்கு ஏற்றது, ஒரு காலத்தில் சாலையில் சுறுசுறுப்பான வண்டி என்று பேர் வாங்கிய சாதாரண கார்தான். 2000 முதல் 2003 வரை வந்த சிட்டி 1.5 வி-டெக் (1493 சிசி, 106 குதிரைத்திறன்), ஃபியட் பாலியோ 1.6, ஃபோர்டு ஐகான் 1.6, மாருதி எஸ்டீம் ஆகியவை நல்ல தேர்வுகள். இதில் எஸ்டீமுக்குப் பாகம் மலிவு, எடையும் குறைவு. இந்தியப் பந்தயங்களில் அது ஓடாத டிராக் இல்லை. கையில் பணம் குறைவு என்றால் கண்ணை மூடிக்கொண்டு எஸ்டீம் வாங்குங்கள். நான் சிட்டி வைத்திருப்பது ஆசையால்.

கேரளப் பதிவு வண்டி வாங்கும்போது இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, கடற்கரை ஓரத்தில் ஓடிய வண்டியா என்பது. உப்புக் காற்றில் கிடந்த வண்டிக்கு வெளியே பெயின்ட் பளபளக்கும். கதவுக்குக் கீழே இருக்கிற தகர விளிம்பையும் பின் சக்கர வளைவின் உள்பக்கத்தையும் ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல தகரம் கணீர் என்று கேட்கும். துருவேறி அதன்மேல் பட்டி பார்த்திருந்தால் மொத்தையாகச் சத்தம் வரும். வண்டி உருண்டாலும் ஆளைக் காக்கும் கம்பிக் கூடான ரோல் கேஜை இந்தத் தகரத்தின் மேல்தான் நிறுத்தப் போகிறோம். அடித்தளம் செல்லரித்திருந்தால் மேலே எந்தக் கம்பியும் உதவாது.

இரண்டாவது, 2018 ஆகஸ்ட் வெள்ளம். அந்த வெள்ளத்தில் முழுகி எழுந்த வண்டிகள் கழுவித் துடைத்து விற்பனைக்கு வந்தன. சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் வெளியே இழுத்துப் பாருங்கள். வழக்கமாகச் சுருளுக்குள் இருக்கும் பகுதியில் சேற்றுக் கறை கோடு போட்டதுபோல் தெரிந்தால் அந்த வண்டி வேண்டாம். வயரிங்குக்குள் போன தண்ணீர் பச்சைப் பூசணமாக ஒவ்வொரு கனெக்டரிலும் உட்கார்ந்திருக்கும். அது டிராக்கில்தான் வேலையைக் காட்டும்.

காகித விஷயம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்தை மாற்றும் வேலை எதையும் சாலை வண்டியில் செய்யக்கூடாது. கேஜ் போட்டு, சீட்டைப் பிடுங்கி, எக்ஸாஸ்ட் மாற்றிய வண்டியைச் சாலையில் ஓட்டிக்கொண்டு டிராக்குக்குப் போகலாம் என்று நினைக்காதீர்கள். டிரெய்லரிலோ ரெக்கவரி வண்டியிலோ ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். ஆர்.சி. நகலும் வாங்கிய ரசீதும் ஏற்றிச் செல்லும் வண்டியிலேயே இருக்கட்டும். செக்போஸ்ட்டில் கேட்டால் சிரித்த முகத்தோடு காட்டிவிட்டுப் போகலாம்.

வேலையைத் தொடங்கும் முன்

வண்டியைப் பிரிக்கும் முன் இரண்டு காரியம் செய்யுங்கள். முதலாவது, நீங்கள் ஓடப் போகும் போட்டியின் விதிகளை வாங்கிப் படிப்பது. நம் நாட்டில் மோட்டார் பந்தயத்துக்கு எஃப்.எம்.எஸ்.சி.ஐ. (இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புகளின் கூட்டமைப்பு) தான் ஆளும் அமைப்பு. அதன் லைசென்ஸ் எடுக்க வேண்டும், அதற்கு மருத்துவச் சான்று வேண்டும். ஒவ்வொரு போட்டிக்கும் தனி ஒழுங்குமுறை வெளியிடுவார்கள். எந்த வகுப்பில் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பது அதில் இருக்கும். போட்ட பாகத்தைக் கழற்றச் சொல்லும் வருத்தம் வேண்டாம்.

இரண்டாவது, இன்ஜினின் உடல்நிலை. நான்கு பிளக்கையும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம், பாருங்கள். நான்கு சிலிண்டருக்கும் இடையே 10 சதவீதத்துக்குள் வித்தியாசம் இருந்தால் நிம்மதி. ஒன்று மட்டும் குறைந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங் தேய்மானம். ஏறவில்லை என்றால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். வி-டெக் வைத்திருப்பவர்கள் டைமிங் பெல்ட்டை யார் எப்போது மாற்றினார்கள் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம், நீங்களே மாற்றிவிடுங்கள். இந்த இன்ஜினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் போய் வால்வை இடிக்கும். வாட்டர் பம்ப்பை ஓட்டுவதும் அதே பெல்ட்தான். அதனால் பம்ப், டென்ஷனர், கேம் சீல் எல்லாம் ஒரே கையோடு.

பிரேக்

இதில் கொஞ்சம் நிதானமாக நிற்கிறேன். பிரேக் எனக்குப் பாடம் சொன்ன விதம் அப்படி.

முதல் டிராக் நாளில் எட்டாவது சுற்று. நேர்பாதை முடிவில் வழக்கமான இடத்தில் மிதித்தேன். பெடல் தயிரில் கால் வைத்ததுபோல் உள்ளே போய்த் தரையைத் தொட்டது. நல்ல காலம், வெளியே ஓட இடம் இருந்தது. கியரைக் குறைத்து, கைபிரேக்கைப் பாதி இழுத்து, மணலில் போய் நின்றேன். கால் நடுக்கம் நிற்க அரை மணி நேரம் ஆயிற்று. அதற்கு முந்தின வாரம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஃப்ளூயிட் மாற்றியதாக பில் கொடுத்திருந்தார்கள். களத்துக்கு வந்து பின் சக்கரத்தில் ஃப்ளூயிடை வெளியேற்றும் பிளீடர் நிப்பிளைத் திறந்தபோது கருப்பட்டிக் காபி நிறத்தில் இறங்கியது. மேலே ஃப்ளூயிட் டப்பாவில் இருந்ததை உறிஞ்சிவிட்டுப் புதிது ஊற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அன்றிலிருந்து பிரேக் ஃப்ளூயிடை வேறு யார் கையிலும் விட்டதில்லை.

பிரேக்குக்கு என்ன நடக்கிறது என்று ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 1000 கிலோ வண்டியை மணிக்கு 140 கிலோமீட்டரில் இருந்து 60க்குக் கொண்டுவந்தால் வெளிப்படும் சூட்டில், ஏறக்குறைய 2 லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். அதைச் சில விநாடிகளில் செய்கிறோம். அடுத்த வளைவில் மறுபடியும். சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை டிராக் 3.7 கிலோமீட்டர் நீளம், அங்கே வேகம் அதிகம். செட்டிபாளையம் 2.1 கிலோமீட்டர்தான், வேகம் குறைவு. ஆனால் வளைவுக்கும் வளைவுக்கும் இடையே பிரேக் ஆறுவதற்கு நேரமே கிடைக்காது. சின்ன டிராக்தானே என்று ஏமாறக்கூடாது.

பிரேக் ஃப்ளூயிட் காற்றின் ஈரத்தைக் குடிக்கும். டாட் 4 தர ஃப்ளூயிட் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த உத்தரவாதம் 155 டிகிரிக்கு இறங்கிவிடும். ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றோடு சாரலும் அடிக்கிற ஊரில் இருக்கிறோம். திறந்து வைத்த பாட்டிலை அடுத்த மாதம் எடுத்து ஊற்றாதீர்கள். சீல் உடைக்காத சின்ன பாட்டிலாக வாங்குங்கள். 300 டிகிரிக்கு மேல் தாங்கும் ரேஸிங் ஃப்ளூயிடும் கிடைக்கிறது, விலை கூடுதல். இந்தச் செலவுக்கு மட்டும் கணக்குப் பார்க்க வேண்டாம்.

மாற்றும் முறை இதுதான். டப்பாவில் இருக்கும் பழையதை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதை நிரப்புங்கள். நிப்பிளில் கண்ணாடி போன்ற டியூபைச் செருகி, மறுமுனையைக் கொஞ்சம் ஃப்ளூயிட் இருக்கும் பாட்டிலுக்குள் முக்குங்கள். உள்ளே ஒருவர் பெடலை மெதுவாக மிதித்துப் பிடித்திருக்க வேண்டும். வெளியே இருப்பவர் நிப்பிளைத் திறந்து, ஓட்டம் நின்றதும் மூடி, "விடு" என்று சொன்ன பிறகுதான் காலை எடுக்க வேண்டும். டியூபில் பொடிப் பொடியாகக் குமிழ் வரும், அப்புறம் நின்றுவிடும். நிறம் வெளுத்து வரும் வரைக்கும் தொடருங்கள். எந்தச் சக்கரம் முதலில் என்பது வண்டிக்கு வண்டி மாறும், மேனுவலைப் பாருங்கள். நடுவில் டப்பா காலியாகிக் காற்று உள்ளே போனால் மொத்தமும் முதலில் இருந்துதான்.

பிரேக் பேடு டிராக்குக்கு உரியதாக இருக்க வேண்டும். புதுப் பேடைப் போட்ட அன்றே பந்தயத்தில் மிதிக்கக் கூடாது. டிராக்கின் பயிற்சி நேரத்தில் மிதமான வேகத்தில் இருந்து எட்டுப் பத்து முறை படிப்படியாக அழுத்திச் சூடேற்றி, நிறுத்தாமல் ஒரு சுற்று ஓட்டி ஆறவிட வேண்டும். இருபது வருஷத்து ரப்பர் ஹோஸ்கள் உள்ளுக்குள் வீங்கியிருக்கும். எஃகு வலை போட்ட ஹோஸ் மாற்றுங்கள். முன் பம்பரில் இருந்து 3 அங்குலக் குழாய் இழுத்து டிஸ்க்கின் நடுப்பகுதிக்குக் காற்று கொடுத்தால் வெப்பம் கண்கூடாக இறங்கும், விதி அனுமதித்தால் செய்யுங்கள். பின் சக்கரம் டிரம் என்று வருத்தப்பட வேண்டாம். முன் எஞ்சின் வண்டியில் முக்கால்வாசி வேலை முன் பிரேக்குக்குத்தான். டிரம்முக்குள் வீல் சிலிண்டர் கசிகிறதா என்று பாருங்கள், லைனிங்கை அட்ஜஸ்ட் செய்யுங்கள், போதும்.

கூலிங், ஆயில்

மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டு வெயில் எப்படி என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. டிராக்கின் தார் அதைவிடச் சுடும். ரேடியேட்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எங்கள் வண்டியில் பாதித் தகடுகளுக்குள் கணவாய்க் காற்று கொண்டுவந்த மண்ணும் தென்னை மட்டைத் தூசியும் அடைத்திருந்தன. பழைய ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி பழுப்பாக மாறியிருந்தால் அது வெடிக்கக் காத்திருக்கிறது என்று அர்த்தம், புதிது போடுங்கள். மூடி, ஹோஸ், கிளாம்ப் எல்லாம் சேர்த்து. ஏ.சி.யைக் கழற்ற விதி அனுமதித்தால் கண்டென்ஸர் போய்விடும், ரேடியேட்டருக்குக் காற்று நேராக வரும்.

நம் பக்கத்தில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றித் தூர எறிகிற பழக்கம் உண்டு. கேட்டால் "இந்த ஊர் சூட்டுக்கு அது எதுக்குங்க?" என்பார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். இன்ஜின் சரியான சூட்டுக்கு வரவில்லை என்றால் கம்ப்யூட்டர் அதைக் குளிர்ந்த இன்ஜின் என்று நினைத்துப் பெட்ரோலை அதிகம் தள்ளும். ஆயில் நீர்த்துப்போகும், தேய்மானம் கூடும். நல்ல தெர்மோஸ்டாட் புதிதாகப் போட்டால் பிரச்சினை தீர்ந்தது. டேஷ்போர்டில் இருக்கும் முள்ளையும் நம்பாதீர்கள். அது நடுவிலேயே நின்று, கொதித்த பிறகுதான் மேலே போகும். டிகிரியை எண்ணில் காட்டும் தனி மீட்டரும், கண்ணுக்கு நேரே ஒரு சிவப்பு விளக்கும் வையுங்கள்.

கூலன்ட் டிராக்கில் சிந்தினால் பின்னால் வரும் வண்டி எண்ணெயில் ஓடியதுபோல் வழுக்கும். அதனால் பல இடங்களில் வெறும் தண்ணீரும் துருத் தடுப்பு மருந்தும் மட்டுமே அனுமதி. போட்டி நடத்துபவர்களைக் கேட்டுவிட்டு ஊற்றுங்கள்.

ஆயிலில் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று. நீண்ட வளைவில் வண்டி அழுத்திப் போகும்போது இன்ஜினின் அடித்தொட்டியான சம்ப்பில் இருக்கும் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். பம்ப் காற்றை உறிஞ்சும். அரை விநாடி போதும், கிராங்க் பேரிங் கதறும். சம்ப்பைக் கழற்றித் தடுப்புத் தகடு வைத்து வெல்ட் செய்வது லேத் பட்டறையில் ஒரு நாள் வேலை. அதைச் செய்யும் வரைக்கும் ஆயிலை மேல் கோட்டில் வைத்து ஓட்டுங்கள், ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். டிரெயின் போல்ட்டில் துளை போட்டுக் கம்பி கட்டிவிடுவதும் நல்லது.

ரோல் கேஜும் பெல்ட்டும்

எங்கள் ஊர் வெல்டர் ஒருவரிடம் கேஜ் பற்றி முதலில் பேசியபோது, சுவரோரம் சாய்த்திருந்த குழாயைக் காட்டி, "இதே போதுமுங்க தம்பி. யானை சாஞ்சாலும் வளையாது. கேட்டுக்கெல்லாம் இதைத்தான் போடறேன்" என்றார். நல்ல மனிதர், கைத்திறனும் உள்ளவர். ஆனால் அது துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தண்ணீர்க் குழாய். அதில் கேஜ் செய்யவே கூடாது. பக்கவாட்டில் தையல் போட்டு ஒட்டிய குழாய் அடி விழும்போது அந்தத் தையலில் பிளக்கும். துத்தநாகம் பூசியதை வெல்ட் செய்யும் புகையும் விஷம்.

சர்வதேச விதி கேட்பது தையல் இல்லாமல் குளிர்நிலையில் இழுத்த எஃகுக் குழாய். தலைக்குப் பின்னால் நிற்கும் முக்கிய வளைவுக்கு 45 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 மில்லிமீட்டர் தடிமனும், அல்லது 50க்கு 2. மற்ற கம்பிகளுக்கு 38க்கு 2.5, அல்லது 40க்கு 2. வளைவின் பாதம் உட்காரும் இடத்தில் தகரத்துக்கு வலுவாகக் குறைந்தது 3 மில்லிமீட்டர் தடிமனும் 120 சதுர சென்டிமீட்டர் பரப்பும் உள்ள தகடு வேண்டும். போல்ட் போடும் கேஜ் என்றால் பாதத்துக்குக் குறைந்தது மூன்று எம்8 போல்ட், 8.8 தரம். குழாய் வாங்கும்போது மில் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள், பரிசோதனையில் காட்ட உதவும். கேஜ் செய்து பழகியவரிடமே கொடுங்கள். கோயம்புத்தூரில் பந்தய வண்டி கட்டிப் பழகிய கைகள் உண்டு. மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா வண்டி கட்டிய கரிவர்தனின் ஊர் அது, செட்டிபாளையம் டிராக்குக்கு அவர் பெயர்தான்.

கேஜ் வந்த வண்டியில் ஹெல்மெட் இல்லாமல் ஒரு அடிகூட ஓட்டாதீர்கள். வெறும் தலை கம்பியில் மோதினால் கேஜ் இல்லாத வண்டியைவிட மோசம். தலை, முழங்கால் படக்கூடிய எல்லா இடத்திலும் தரச்சான்று பெற்ற கெட்டி நுரை கட்ட வேண்டும். ஏ.சி. குழாய்க்குச் சுற்றுகிற கறுப்பு நுரை அதற்கு ஆகாது.

பக்கெட் சீட், ஆறு முனை பெல்ட், ஹெல்மெட், நெருப்பு தாங்கும் உடை, கழுத்தைக் காக்கும் ஹான்ஸ். இவை எல்லாவற்றிலும் சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் லேபிள் இருக்கும். சீட், பெல்ட் போன்றவற்றில் காலாவதி ஆண்டும் இருக்கும். பழையது மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கும் முன் அந்த ஆண்டைப் பாருங்கள். தோள் பட்டைகள் பின்னோக்கி ஏறக்குறைய மட்டமாகப் போக வேண்டும், 10 டிகிரிக்குள் இறங்கினால் நல்லது. பின் தரையில் செங்குத்தாகக் கட்டினால் மோதும்போது அது முதுகெலும்பைக் கீழே அமுக்கும். இடுப்புப் பட்டை வயிற்றில் ஏறாமல் இடுப்பு எலும்பின் மேல் கிடக்க வேண்டும். பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, எல்லாவற்றையும் கழற்றி வெளியே வரப் பழகுங்கள். நான் ஒவ்வொரு சீசனுக்கு முன்பும் களத்தில் பத்துத் தடவை செய்கிறேன்.

தீயணைப்பான் ஓட்டுபவரின் கைக்கு எட்ட வேண்டும், உலோகப் பட்டையால் இறுக்கியிருக்க வேண்டும், சரிபார்த்து இரண்டு வருஷம் தாண்டியிருக்கக் கூடாது. மெயின் சுவிட்சை உள்ளிருந்தும் வெளியிருந்தும் அணைக்க முடிய வேண்டும். வெளியே நீல முக்கோணத்துக்குள் சிவப்பு மின்னல் ஸ்டிக்கர், முக்கோணத்தின் அடிப்பக்கம் குறைந்தது 12 சென்டிமீட்டர். இங்கே பலர் பேட்டரி வயரை மட்டும் வெட்டுகிற சாதாரண சுவிட்சைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜின், ஆல்டர்னேட்டர் கொடுக்கும் மின்சாரத்திலேயே தொடர்ந்து ஓடும். ஆறு முனை உள்ள சுவிட்ச் வாங்கி இக்னிஷனையும் சேர்த்து வெட்டுங்கள். முன்னும் பின்னும் இழுவைக் கொக்கிகளுக்கு மஞ்சளோ சிவப்போ அடித்துவிடுங்கள்.

எடை, வயரிங்

பின் சீட், கம்பளம், ஸ்பீக்கர் எல்லாம் வெளியே. தரையில் ஒட்டியிருக்கும் தார் ஷீட்டை ஹீட் கன்னால் இளக்கிச் சுரண்டினால் வரும். வியர்வை ஊற்றும் வேலை, ஆனால் தகரத்தில் எங்கே துரு என்று அப்போதுதான் தெரியும். எடை குறைக்கிறேன் என்று உடம்பின் குறுக்குச் சட்டங்களை வெட்டாதீர்கள்.

அந்தக் காலத்து ஹோண்டாக்களில் பெட்ரோல் பம்ப்புக்கு மின்சாரம் கொடுக்கும் மெயின் ரிலே ஒன்று உண்டு. வெயிலில் நின்ற வண்டி மதியம் ஸ்டார்ட் ஆகாது, சாயங்காலம் ஒன்றும் நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும். ரிலேயைத் திறந்தால் ஈயப் பற்று முடி அளவு விரிசல் விட்டிருக்கும். டி.வி. ரிப்பேர் கடையில் கொடுத்து மறுபடி பற்றவைத்தால் சரியாகிவிடும்.

சஸ்பென்ஷனும் டயரும்

விலை உயர்ந்த காயில்ஓவர் (உயரம் மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் செட்) வாங்கும் முன், இருக்கிற புஷ், பால் ஜாயின்ட், ஷாக், இன்ஜின் மவுன்ட் எல்லாவற்றையும் புதிதாக்குங்கள். இருபது வருஷத்து ரப்பர் தொய்ந்திருக்கும்போது எந்த அலைன்மென்ட்டும் நிற்காது. கோயம்புத்தூர் உக்கடத்தில் பழைய பாகம் கிடைக்கும். கதவு, கண்ணாடி, கியர் பாக்ஸ் அங்கே வாங்கலாம். உயிரைத் தாங்கும் பால் ஜாயின்ட்டையும் டை ராடையும் பழையதாக வாங்காதீர்கள். முன் சக்கரம் இழுக்கும் வண்டி வளைவில் வெளியே தள்ளும். முன் சக்கரத்தின் மேல்பக்கத்தை 2 டிகிரி அளவு உள்ளே சாய்த்தால் தள்ளுவது நன்றாகக் குறையும். அங்கிருந்து தொடங்கி டயரின் தேய்மானத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 1423 என்றால் 2023ஆம் ஆண்டின் 14ஆவது வாரம். பட்டன் தேயாமல் இருந்தாலும் ஆறேழு வருஷத்து டயர் கல்லாகியிருக்கும். காற்றழுத்தம் சூடு ஏற ஏறக் கூடும், ஐந்தாறு டிகிரிக்கு 1 பி.எஸ்.ஐ. வீதம். அதனால் ஓடி முடித்து வந்ததும் சூட்டில் அளப்பதுதான் கணக்கு. சொந்தமாக ஒரு நல்ல காற்றழுத்த மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள், பெட்ரோல் பங்க் மீட்டர்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. டயரின் தோளில் சாக்பீஸால் குறுக்கே கோடு போட்டு ஓட்டிவிட்டு வாருங்கள். சாக்பீஸ் பக்கச்சுவர் வரைக்கும் அழிந்திருந்தால் காற்று குறைவு. பட்டனின் ஓரமே அழியவில்லை என்றால் காற்று அதிகம். வீல் நட்டை டார்க் ரெஞ்ச்சில் முறுக்குங்கள், ஹோண்டாவுக்கு 108 நியூட்டன் மீட்டர். முதல் ஓட்டம் முடிந்து ஆறிய பிறகு மறுபடி ஒருமுறை.

முதல் நாள்

நேராகப் பந்தயத்துக்குப் பேர் கொடுக்காதீர்கள். முதலில் டிராக் நாள் ஒன்றுக்கு வாருங்கள். கொடிகளை மனப்பாடம் செய்துகொண்டு வாருங்கள்: மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, முந்தக்கூடாது. மஞ்சளில் சிவப்புக் கோடு என்றால் தரை வழுக்கும். நீலம் என்றால் பின்னால் வேகமான வண்டி. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தம், மெதுவாகத் திரும்பி வாருங்கள். கறுப்புக் கொடியோடு உங்கள் எண் தெரிந்தால் டிராக் ஓரம் வண்டி நிறுத்தும் பிட்டுக்குள் போங்கள்.

முதல் மூன்று சுற்று சாதாரணச் சாலை வேகத்தில். நான்காவது, ஐந்தாவது கொஞ்சம் கூட்டி. ஆறாவது சுற்று பிரேக்கைத் தொடாத அளவுக்கு மெதுவாக ஓட்டி ஆறவிட்டு உள்ளே வந்துவிடுங்கள். நிறுத்தியதும் கைபிரேக் போடாதீர்கள், சூட்டில் லைனிங் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். சக்கரத்துக்கு மரக்கட்டை வையுங்கள். பானெட்டைத் திறந்து விடுங்கள். டயர் அழுத்தத்தை உடனே நோட்டில் எழுதுங்கள். கீழே குனிந்து சொட்டு ஏதும் விழுகிறதா, பிரேக் டப்பாவின் மட்டம் இறங்கியிருக்கிறதா, பேடின் ஓரம் உதிர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ரேடியேட்டர் மூடியில் மட்டும் கை வைக்காதீர்கள், அரை மணி நேரம் போகட்டும். அதற்குள் ஒரு இளநீர் குடித்துவிட்டு வந்து, ஆறிய வீல் நட்டை மறுபடி முறுக்கிவிட்டு, அடுத்த ஓட்டத்துக்கு வரிசையில் நில்லுங்கள்.